பதினோரு பேருக்கு ஒரே கட்டைவிரல்

கழனிப்பாக்கம்,
18-3-1956, ஞாயிறு.

என் அன்பு மகன் தாவீதுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் காப்பதில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்தக் கரக்பூர்க் குளிரிலிருந்து இருமல் இல்லாமல் வெளியே வந்திருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். உன் கடிதமும் இருபது ரூபாய் மணியார்டரும் போன வாரம் கிடைத்தன. 'புயலில் பயிர் போனவர்களுக்கெல்லாம் சர்க்கார் பணம் கொடுத்துவிட்டதாக இங்கே சங்கத்துக்கு வருகிற தமிழ்ப் பேப்பரில் பார்த்தேன், நமக்கும் வந்திருக்குமே' என்று கேட்டிருந்தாய். வந்தது ராஜா, வந்தது. அப்பாவுக்கு வரவில்லை, உனக்கு வந்தது. ஜனவரி பதினெட்டாம் தேதி புதன்கிழமை நீ நம் ஊர்ச் சாவடிக்கு நேரில் வந்து, கணக்குப்பிள்ளை அருணகிரி முன்னிலையில் நாற்பத்தைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு, இடது கைக் கட்டைவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின பிள்ளை, கையெழுத்துப் போடக்கூட மறந்துவிட்டாய். அத்தனை தூரம் ரயிலேறி வந்தவன் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

சிரிக்காதே, முதலிலிருந்து சொல்கிறேன். கார்த்திகைப் புயலைப் பற்றி அப்போது கார்டில் நாலு வரிதான் எழுதினேன், நீ பயந்துபோவாய் என்று. அன்றைக்குக் கடல் கால்வாயைத் தாண்டிக் கழனிக்குள் வந்துவிட்டது. கதிர் பால் பிடித்து நின்ற சம்பா மூன்று நாள் உப்புத் தண்ணீரில் கிடந்து, தண்ணீர் வடிந்தபோது வைக்கோலுக்குக்கூட உதவாமல் கறுத்துப்போனது. உன் தாத்தா பேருக்கு அந்தக் காலத்தில் சர்க்கார் கொடுத்த ஒன்றரை ஏக்கரில் ஒரு மரக்கால் நெல் கூட வீடு வரவில்லை. கருப்பன் மாடுகளை அவிழ்த்துவிடப் போனவன் பனை சாய்ந்து அங்கேயே முடிந்துபோனான், அதைத்தான் நான் உனக்கு எழுதவில்லை. கால்வாயில் உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த அதே கருப்பன்தான். அவன் பெண்சாதி செல்லம்மா நாற்பது வயதில் தனியாக நிற்கிறாள், பிள்ளையும் இல்லை. அப்பா விதைநெல்லுக்கு வழியில்லாமல் உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறார், காலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, நான் தேங்காயெண்ணெய் போட்டுவிட்டால் இது என்ன ராஜ வைத்தியம் என்று கேலி வேறு.

புயல் போய் எட்டாம் நாள் ஜீப்பில் நாலு பேர் சேதம் பார்க்க வந்தார்கள். ரோட்டை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் பூட்ஸ் நனையுமாம். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கிழக்கே ஒரு பார்வை, மேற்கே ஒரு பார்வை, பிறகு விழுந்து கிடந்த தென்னையிலிருந்து ஆளுக்கு இரண்டு இளநீர். அவர்கள் கணக்காகப் பார்த்த சேதம் அந்த எட்டு இளநீர்தான் என்று நினைக்கிறேன். மறுவாரம் மாமல்லபுரத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பயிர் இழந்த ஒரு குடிமகனும் விடுபட மாட்டான், ஏக்கருக்கு முப்பது ரூபாய் என்று யாரோ பெரியவர் பேசினார். கை தட்டினோம். தட்டியதற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று, ஒன்றையும் காணோம். ஜனவரி கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு வந்த பேப்பரைப் பிரித்தால் கழனிப்பாக்கத்தில் அறுபத்தொரு விவசாயிகளுக்கு உதவித்தொகை கொடுத்து முடிந்தது என்று அச்சில் இருக்கிறது. நம் தெருவில் வீடு வீடாகக் கேட்டேன். ஒருவர் கைக்கும் ஒரு காசு வரவில்லை. அப்படியானால் அந்த அறுபத்தொரு பேர் யார்?

நேரே கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போய் வாசலில் நின்று, லிஸ்டைப் பார்க்கவேண்டும் என்றேன். அவருக்கு முதலில் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. "இன்னா டீச்சரம்மா, பசங்களுக்கு அ ஆ சொல்லிக் குடுக்கறதோட நிறுத்திக்க. அது கவர்மெண்டு ரகசியம், ஆபீஸ்ல கீது, உனக்கெல்லாம் காட்டமுடியாது" என்றார். ஊரைக் கூட்டி ஒலிபெருக்கியில் அறிவித்த தர்மம், பணம் கொடுத்த பிறகு ரகசியமாகிவிட்டது பார். வீட்டில் வந்து சொன்னால் உன் அப்பா அதற்கு மேல். "உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? ரிட்டேர் ஆவ ரெண்டு வருசம் கீது, வாய மூடிகினு போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பயந்தது தனக்காக இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் சண்டை போடவில்லை. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு மேஜை இன்னொரு மேஜையைக் காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது, மூன்றாவது மேஜைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நாலு மணி வரை சாப்பிட்டார். மூன்று சனிக்கிழமை இப்படியே. மூன்றாம் தடவை நகல் எழுதும் குமாஸ்தா ஒருவர், உப்பிலி என்று பேர், நெற்றியில் நாமம், கோட்டில் முழங்கை கிழிசல், என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "வாயால கேட்டேள்னா இல்லைன்னுடுவா. நகல் வேணும்னு மனு எழுதி ஸ்டாம்பு ஒட்டிக் குடுங்கோ. தரமாட்டோம்னா அதையும் எழுத்துல குடுத்தாகணும், அப்படி எழுதிக் கையெழுத்துப் போட இங்க யாருக்கும் தைரியம் கிடையாது." இத்தனை பெரிய கட்டடத்தில் வேலை தெரிந்தவர் அந்தக் கிழிந்த கோட்டுக்காரர் ஒருவர்தான். அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினேன். பத்தாம் நாள் மூன்று தாள் நகல், முத்திரையோடு, தபாலில் வந்தது. ரகசியத்தின் விலை ஒரு ரூபாய் சொச்சம்.

படித்தேன். நம் தெருப் பேர் பதினொன்றுதான், மற்றதெல்லாம் மேலத்தெரு. முப்பதாவது பேர் கருப்பன், ஒரு ஏக்கர், முப்பது ரூபாய், நேரில் பெற்றுக்கொண்டார், கைநாட்டு. செத்து ஏழு வாரம் கழித்து வந்து வாங்கியிருக்கிறான். முப்பத்தொன்றாவது நீ. உன் தாத்தா பட்டா இன்னும் மாறவில்லை அல்லவா, அப்பா பேரைப் போட்டால் அப்பா வந்து கேட்பார், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் பேரனைப் போட்டால் யார் கேட்பது? அடுத்தடுத்த பேர்களும் மலேயாவுக்குப் போனவர்கள், மெட்ராசில் ரிக்‌ஷா இழுக்கப் போனவர்கள், இரண்டு வருஷத்துக்கு முன் காலராவில் போன எல்லப்பன். இந்த வரிசையை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். நீ முதல் முதலாக ஓட்டுப் போட்டாயே அந்தத் தேர்தலின் வாக்காளர் பட்டியல் பள்ளிக்கூடப் பீரோவில் இருக்கிறது, எடுத்து வைத்துப் பார்த்தால் வரிசை மாறாமல் அதேதான். திருடுவதற்குக்கூட ஒரு உழைப்பு வேண்டும், மனிதர் அதையும் செய்யவில்லை, உட்கார்ந்த இடத்தில் பார்த்து எழுதியிருக்கிறார். என் வகுப்பில் இப்படிக் காப்பி அடித்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

அறுபத்தொரு பேரையும் தொகையோடு பெரிய பெரிய எழுத்தில் நாலு தாளில் எழுதினேன். வரி கட்டச்சொல்லி நோட்டீஸ் ஒட்டுவார்களே, சாவடியில் அதே சுவரில், அதே இடத்தில் பசை தடவி ஒட்டினேன். மத்தியானத்துக்குள் கிழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன். மறுபடி கிழித்தார்கள். மூன்றாம் தடவை நான் ஒட்டிவிட்டுத் திரும்பினால் உன் அப்பா உப்பளத்துக்குப் போகாமல் கையில் மண்வெட்டியோடு சுவருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கிறார். ஏன் வேலைக்குப் போகவில்லை என்றேன். "எம் புள்ள பேரு இங்க கீது. நான் பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன், நீ பள்ளிக்கூடம் போ" என்றார். இரண்டு நாள் கூலி போயிற்று, தாள் கிழியவில்லை.

அப்புறம்தான் வேடிக்கை. மேலத்தெருவில் பத்து ஏக்கர்க்காரர் முத்துசாமி இருக்கிறாரே, நம் நிழல் பட்டால் ஒதுங்கிப் போவாரே, அவர் வந்தார். எழுத்துக் கூட்டத் தெரியாது, என்னைத்தான் படிக்கச் சொன்னார். முன்னூறு ரூபாய் என்று படித்தேன். "முன்னூறா? என் கையில நூத்திருவதுதானே குடுத்தான் திருட்டுப்பய! மிச்சம் ஆபீசு செலவுன்னானே" என்று கத்திக்கொண்டு என் பக்கத்திலேயே, முழங்கை இடிக்கிற தூரத்தில் நின்றார். தன் பணம் போனதும் தீட்டும் போய்விட்டது. பரவாயில்லை, மனுவில் முதல் கையெழுத்துக்கு அவர் பெருவிரல் உதவியது. நம் தெருவில் முப்பத்திரண்டு பேர், மேலத்தெருவில் பதினாறு பேர், கலெக்டருக்கு ஒரே மனு. இந்த ஊர் உண்டான நாளிலிருந்து இரண்டு தெருவும் ஒரே காகிதத்தில் இருந்தது இல்லை.

செல்லம்மா கூட்டமெல்லாம் போன பிறகு வந்தாள். புருஷன் பேர் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு, "இம்மாத்தூண்டுதானாக்கா?" என்றாள். அவன் பேரை எழுத்தில் அவள் பார்த்ததே இல்லை. அங்கிருந்து நேரே அருணகிரி வீட்டுக்கு நடந்தாள், நான் பின்னால் ஓடினேன். காலை பத்து மணி, தெருவே பார்க்கிறது. அவள் கத்தவில்லை, அழவில்லை. "சாமி, எம் புருசன் பொங்கலுக்கப்புறம் வந்து உங்க கையால துட்டு வாங்கினாராமே. எந்தப் பக்கம் போனாருன்னு சொல்லுங்க, நான் போயி இட்டாரேன்" என்றாள். அந்த மனிதர் தெருவை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய் முப்பது ரூபாயைக் கொண்டுவந்து நீட்டி, வச்சுக்கோ, பேசாமப் போ என்றார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அவருதான் வாங்கிக்கினாரே. ஒரு ஏக்கருக்கு ரெண்டு தரமா குடுக்கும் சர்க்காரு?" தாவீது, முப்பது வருஷமாக நான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், இப்படி ஒரு கேள்வி கேட்கும் பிள்ளை எனக்குக் கிடைத்ததில்லை.

மார்ச் இரண்டாம் தேதி சப்-கலெக்டர் விசாரணைக்கு வந்தார். சின்ன வயது, உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்திருக்கலாம். சாவடியில் மேஜை போட்டுப் பட்டுவாடா ரிஜிஸ்தரைத் திறந்து பக்கம் பக்கமாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நீங்களே பாருங்கள் அம்மா என்றார். உன் ரேகையும் பார்த்தேன், கருப்பன் ரேகையும் பார்த்தேன், நடுவில் குறுக்கே ஒரு வெட்டுக்காயம். எல்லப்பனுக்கும் அதே வெட்டு. மலேயாக்காரர்களுக்கும் அதே வெட்டு. செத்தவர், போனவர் பதினோரு பேருக்கும் ஒரே கட்டைவிரல். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தலையாரி சின்னான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். காட்டச் சொன்னதும் ஓவென்று அழுதான். "கணக்குப்புள்ள வைய்யின்னாரு, வச்சேன் சாமி. ரெண்டு ரூவா குடுத்தாரு. மையி மூணு நாளா போவல" என்றான். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு ரூபாய் வாங்கிய தலையாரிக்கு அன்றைக்கே வேலை போயிற்று. அருணகிரிக்கு உடம்பு சரியில்லை என்று மாமியார் ஊரில் மருத்துவ விடுப்பு. கையை மட்டும் வெட்டிவிட்டு, கையைப் பிடித்து வைத்தவனுக்குப் பத்திய சாப்பாடு போடுகிறது நம் சர்க்கார்.

இனிமேல்தான் உன்னிடம் கேட்கவேண்டியது. அருணகிரி எழுத்தில் கொடுத்திருக்கிற பதில் என்னவென்றால், சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் நேரில் வந்தார்கள், கூட்டத்தில் மை டப்பாவைத் தலையாரி வைத்திருந்ததால் அவசரத்துக்கு அவர்கள் சம்மதத்தின் பேரில் தன் விரலை வைத்துவிட்டான், அவ்வளவுதானாம். கருப்பன் என்பது வேறு கருப்பனாம், ஊரில் நாலு கருப்பன் உண்டாம். மலேயாக்காரர்களிடம் யார் போய்க் கேட்பது? சாலமோன் மகன் தாவீது மட்டும் ஒருவன்தான், வேறு தாவீது கிடையாது, உயிரோடு இருக்கிறான், தான் வரவில்லை என்று சொல்ல வாய் இருக்கிறது. அதனால் போன ஞாயிறு அருணகிரியின் மைத்துனன் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலிலேயே அப்பாவைப் பிடித்துக்கொண்டான். பொங்கலுக்கு மகன் லீவில் வந்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நூறு ரூபாயும் இரண்டு மூட்டை விதைநெல்லும் வீட்டுக்கு வரும் என்றான். விதைநெல் என்றதும் அப்பா தன் வெடித்த காலைக் குனிந்து பார்த்தார், ஒத்துக்கொள்வாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு சொன்னார், "எம் புள்ள வூட்டுக்கு வந்து மூணு வருசம் ஆவுது. அவன் வந்துட்டான்னு பொய்யா ஒருதரம் சொல்லிட்டேன்னா அப்பறம் நெசமா வர சொல்லோ நான் எந்த மூஞ்சோட போயி இட்டார்றது?" அவன் போய்விட்டான்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி செங்கல்பட்டில் மறுவிசாரணை. நீ உன் பட்டறை போர்மேனிடம் சொல்லி, ஜனவரி பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது மூன்று நாளும் நீ வேலையில் இருந்தாய் என்று ஆஜர்ப் பட்டியல் பார்த்து எழுதி, ஆபீஸ் முத்திரை வைத்து வாங்கி அனுப்பு. ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு, சாதாரணத் தபால் நம் ஊர் வருவதற்குள் யார் யாரோ படிக்கிறார்கள். ஊர் வம்பில் மாட்டினால் ரயில்வே உத்தியோகத்துக்கு ஏதாவது வருமோ என்று உனக்கு ஒரு யோசனை ஓடலாம். எனக்கும் ஓடியது. என் மேலும் மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள், டீச்சர் பாடம் நடத்தாமல் அரசியல் நடத்துகிறாள் என்று, பள்ளி மானேஜர் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார். பட்டியலைப் பார்த்து எழுதிப் படித்துக் காட்டினேன், பள்ளிக்கூடத்திலும் அதையேதான் செய்கிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். மாற்றினால் மாற்றட்டும், உத்திரமேரூரில் பிள்ளைகள் இல்லையா என்ன. ஆனால் நீ யோசித்து, உன் மனது ஒப்பித்தான் அனுப்பவேண்டும். அம்மா சொன்னாள் என்பதற்காக வேண்டாம்.

போன வியாழக்கிழமை புதுப் பட்டியல் போட்டார்கள். சப்-கலெக்டர் உத்தரவுப்படி சாவடியில் ஊரைக் கூட்டி, ஒவ்வொரு பேராக உரக்கப் படித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டு எழுதினார்கள். தாவீது என்ற பேர் வந்ததும் படித்தவர் ஆள் இருக்கிறாரா என்று கேட்டார். நான்தான் எழுந்து இல்லை ஐயா, அடித்துவிடுங்கள் என்றேன். அவர் கோடு போட்டபோது காகிதத்தில்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கருப்பன் என்று படித்தார். செல்லம்மா எழுந்து, "செத்துட்டாரு சாமி, அடிச்சிட்டு என் பேர எழுதுங்க" என்றாள். எழுதினார். அன்றைக்கே முப்பது ரூபாயை எண்ணி வாங்கி, கூட்டத்தைப் பார்த்து ஒருதரம் உயர்த்திக் காட்டிவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்பாவுக்கும் நாற்பத்தைந்து கிடைத்தது. ஆனால் அடுத்தவர் நிலத்தில் விளைச்சல் பங்குக்கு, வாரத்துக்கு உழுதவர்கள் பத்தொன்பது பேருக்கு இந்தத் தடவையும் ஒன்றும் இல்லை. பட்டா இல்லாதவன் விவசாயி இல்லையாம். பயிர் அழிந்தது அவன் வியர்வையில், புயல் அடித்தது பட்டாக்காரன் மேலாம். அதற்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி, ஓவர்டைம் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. மே மாதம் லீவு கிடைத்தால் வா, இந்தத் தடவை வீட்டுக்கு வா. ஆண்டவர் உன்னை எந்தத் தீங்கும் அணுகாமல் வைத்துக்கொள்வாராக, உன் கைகள் செய்கிற வேலை எல்லாம் நேராக அமையட்டும். ஏப்ரல் ஒன்பதை மறவாதே, அதற்கு ஐந்து நாள் முன்னாலாவது தபால் என் கையில் இருக்கவேண்டும்.

உன் நலம் கேட்டு ஒவ்வொரு நாளும் முழங்காலில் நிற்கும்
அம்மா,
சா. ரெபேக்காள்.

பி.கு. இதை மடிக்கிற நேரத்தில் அப்பா வந்தார். புதுப் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி சாவடிச் சுவரில் ஒட்டவேண்டும் என்று உத்தரவாம், புதிதாக வந்திருக்கிற கணக்குப்பிள்ளை ஒட்டிவிட்டாராம். ஏழடி உயரத்தில், எறும்பு எழுத்தில், பென்சிலால். அப்பா முத்துசாமி வீட்டுக்கு ஏணி கேட்கப் போகிறார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.